இழுப்பறையில் ஆறரை வருஷம்

எங்கள் மாதா கோயிலில் மணியடிப்பது, ஜெபம் சொல்வது, பதிவேடு எழுதுவது, வரப்போகும் கலியாணத்தைப் பூசையில் அறிவிக்கும் கலியாண ஓலை வாசிப்பது எல்லாம் உபதேசியார் அமலநாதன்தான். அவர் யாருக்கும் கெடுதல் செய்ததில்லை என்று வடக்குத் தெருவும் சொல்லும், எங்கள் தெற்குத் தெருவும் சொல்லும். வேறு எதிலும் இரண்டு தெருவுக்கும் ஒத்துப்போனதில்லை.

1955 ஆகஸ்ட் திருவிழாவில் மாதா தேர் முதலில் எந்தத் தெருவுக்குள் திரும்புவது என்று சண்டை வந்தது. தோள் கொடுத்தவர்கள் தேரை முச்சந்தியில் இறக்கி வைத்துவிட்டு அடித்துக்கொண்டார்கள். மூன்று பேருக்கு மண்டை உடைந்தது. அன்றிலிருந்து ஒரு தெருக்காரர் மற்றத் தெருவில் கால் வைப்பதில்லை. கலியாணத்துக்கும் போவதில்லை, சாவுக்கும் போவதில்லை.

வடக்குத் தெருவுக்குப் பெரியவர் வேளாங்கண்ணி கொத்தனார். எங்கள் தெருவுக்கு முசே யூஜின், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர்; முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. இதில் கொடுமை என்னவென்றால், கொத்தனாரின் மகள் ஸ்டெல்லாமேரியைச் சண்டைக்கு முந்தின வருஷம்தான் முசேவின் மகனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

1956 பிப்ரவரியில் அப்போதிருந்த பிரெஞ்சுப் பங்குச் சாமியார் இருவரையும் தனித்தனியாகப் பார்த்துப் பேசினார். இருவரும் சமாதானத்துக்குச் சம்மதித்தார்கள். ஆனால் மற்றவன் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்து வரக்கூடாது என்றார்கள். அதனால் ஒரே வாசகத்தை இரண்டு தாளில் எழுதி, ஆளுக்கு ஒன்றில் கையெழுத்து வாங்கினார். இரண்டையும் ஞாயிறு பூசையில் சேர்த்து வாசித்ததும் சமாதானம் என்று ஏற்பாடு.

அந்த வாரம் சாமியாருக்குக் காய்ச்சல் முற்றியது. செவ்வாய்க்கிழமை இரண்டு தாளையும் ஒரு உறையில் போட்டு ஒட்டி, ஒரு கலியாண ஓலையோடு சேர்த்து, வாசிக்க வேண்டியவை என்று சொல்லி உபதேசியாரிடம் அனுப்பிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கிருந்து பிரான்சுக்குக் கப்பலேற்றினார்கள். திரும்பவில்லை.

மறுநாள் ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் தொடங்கிவிட்டது. தபசில் எங்களுக்குக் கலியாணம் கிடையாது, ஓலையும் வாசிப்பதில்லை. வாசிக்க வேண்டியது என்றால் உபதேசியாருக்கு அது ஓலைதான். உறையைப் பிரிக்காமல் ஓலையோடு நூல் போட்டுக் கட்டி, ஈஸ்டருக்குப் பிறகு பார்க்கலாம் என்று இழுப்பறையில் வைத்தார். ஈஸ்டருக்குள் அந்தக் கலியாணம் நின்றுபோனது. நின்றுபோன கலியாணத்தின் கட்டை யார் பிரிப்பார்கள்?

கொத்தனார் இரண்டு ஞாயிறு காத்திருந்தார். வாசிக்கவில்லை. முசே கையெழுத்துப் போடவில்லை என்று முடிவு கட்டினார். முசேவும் கொத்தனாரைப் பற்றி அதையே நினைத்தார். வாய்விட்டுக் கேட்டால் கெஞ்சுவது போலாகிவிடும் என்று இருவருமே கேட்கவில்லை. நாம் இறங்கி வந்தும் அவன் வரவில்லையே என்ற கோபத்தில் சண்டை முன்னைவிட மோசமானது. கல்லெறிந்தவர்களில் நானும் உண்டு. கொத்தனாரின் சைக்கிள் விளக்கை உடைத்தது நான்தான்.

1959இல் ஸ்டெல்லாமேரியின் அம்மா இறந்தார். துக்க மணி அடித்துவிட்டு உபதேசியார் சாவு வீட்டுக்குப் போகும்போது, அவள் முச்சந்தியில் தனியாக நின்றிருந்தாள்.

"உபதேசியாரே, எங்கம்மா மொகத்த ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன். கூட வாங்க."

"போனா உன் மாமனாரு திரும்பச் சேக்கமாட்டாரும்மா. உங்கப்பாவும் வழிவுடமாட்டாரு. சமாதானம் ஆவட்டும், கல்லறையில வந்து பாத்துக்கலாம். வூட்டுக்குப் போ."

அவர் சொன்னதற்காகத்தான் அவள் திரும்பிப் போனாள்.

இந்த வருஷம், 1962 ஆகஸ்டில், புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் ஒருவழியாகச் செல்லுபடியானது. பிரெஞ்சுக் குடியுரிமை கேட்பவர்கள் காகிதம் தேடி அலைந்தார்கள். ஸ்டெல்லாமேரியும் தன் கலியாணப் பத்திரத்துக்கு வந்தாள். பெயர்களின் பிரெஞ்சு எழுத்தைச் சரிபார்க்க அவளுடைய பழைய ஓலையைத் தேடி, உபதேசியார் கட்டுகளைப் பிரித்தார். உறை கிடைத்தது. கிழித்துப் படித்தார்.

"என்னா, கெடச்சிதா?" என்றாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள்.

"இல்லம்மா. அடுத்த வாரம் வா."

மூன்று நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவரே என்னிடம் பிறகு சொன்னார். புதுச் சாமியார் ஒரு வழி சொன்னாராம்: தேதியை விட்டுவிட்டு, இப்போது எழுதியது போல வாசித்துவிடலாம், யாருக்கும் தெரியாது. ஸ்டெல்லாமேரிக்கும் தெரியாது. அதுதான் உபதேசியாரை இழுத்தது, அதுதான் உறுத்தியது.

ஞாயிறு பூசையில் வாசித்தார். 1956 பிப்ரவரி பதினொன்று என்று தேதியோடு வாசித்தார். "எங்கிட்டதான் இருந்திச்சி. பிரிச்சிப் பாக்கல. தப்பு என்னுது," என்றார்.

முதலில் முசே எழுந்தார். "யோவ் கொத்தனாரே, நீ கையெழுத்துப் போட்டியா?"

"போட்டேன்யா! நீரு?"

"நானுந்தான் போட்டேன். அப்பறம் எதுக்குய்யா எங்கூட்டுக் கூர ஓட்ட ஒடச்ச?"

"நீரு போடலன்னுதான்!"

யாரோ சிரித்தார்கள். கோயிலே சிரித்தது. பெண்கள் பக்கத்தில் ஸ்டெல்லாமேரி மட்டும் சிரிக்கவில்லை. பூசை முடிந்ததும் உபதேசியாரிடம் வந்தாள்.

"எங்கம்மா செத்தது அம்பத்தொம்போதுல."

"ஆமாம்மா."

"அப்ப இது உங்க டிராயர்ல இருந்திச்சி."

"இருந்திச்சி."

"சமாதானம் ஆவட்டும்னு சொன்னீங்களே."

அதற்குள் கொத்தனார் வந்து, "வாம்மா, நம்ம வூட்டுக்கு," என்று மகளை அழைத்துப் போனார். அன்று இரண்டு தெருவும் ஒன்றாகச் சாப்பிட்டன. "நீரு கண்டுபுடிக்காட்டி இன்னும் அடிச்சிக்கினுதான் இருப்போம்," என்று ஆளாளுக்கு உபதேசியாரின் முதுகில் தட்டினார்கள். நானும் போய்க் கொத்தனாரிடம் விளக்கைப் பற்றிச் சொன்னேன். "போடா கழுத," என்று சிரித்தார். எனக்கு அவ்வளவு சுலபமாக முடிந்தது.

புதன்கிழமை ஸ்டெல்லாமேரி பத்திரத்துக்கு வந்தாள். உபதேசியார் எழுதித் தயாராக வைத்திருந்தார்.

"வாசிங்க," என்றாள். "எல்லாம் இருக்குதான்னு கேக்கணும். நீங்க வெச்சிருந்த காயிதமாச்சே."

மாப்பிள்ளை பெயர், தகப்பன் பெயர், பெண் பெயர், தகப்பன் பெயர் என்று வாசித்துக்கொண்டு வந்தார். அவள் தாயின் பெயருக்கு வந்ததும் வாசிப்பதை நிறுத்தினார்.

"நிறுத்தாதீங்க."

கடைசி வரை வாசித்தார். அவள் பத்திரத்தை வாங்கி நான்காக மடித்துப் பையில் வைத்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாராம். அதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள்.