அண்ணனின் நூறு வாட்

மாடி அறையில் நிற்கும் அந்த எக்சர்சைஸ் சைக்கிளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். அண்ணி விடமாட்டேன் என்கிறார். "அவரு மிதிச்சதுப்பா, இருந்துட்டுப் போவட்டும்" என்று அதன் சீட்டைத் துணியால் துடைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போகிறார். துடைக்கும்போது நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. அந்தப் பாழாய்ப்போன மிஷின் சொன்ன பொய்யும் அதற்கு நான் ஒத்து ஊதியதும் அவருக்குத் தெரியாது.

என் கிறுக்கிலிருந்துதான் இதை ஆரம்பிக்க வேண்டும். நான் கல்யாணம் கட்டாதவன். வேங்கிக்காலில், நான் வேலை பார்க்கும் கலெக்டர் ஆபீசுக்கு நடக்கிற தூரத்தில் வீடு. கீழே அண்ணனும் அண்ணியும், மேலே நான். எனக்கு இருந்த ஒரே ஊதாரித்தனம் சைக்கிள். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் ஆறு மாதம் ரூம் எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர், ஊருக்குத் திரும்பும்போது மெத்தை, மிக்ஸி என்று எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போனார். அதில் ஒரு ஜோடி பவர் மீட்டர் பெடலும் இருந்தது. நாம் மிதிக்கும்போது உள்ளே இருக்கிற சென்சார் காலின் அழுத்தத்தையே அளந்து, எத்தனை வாட் என்று ஹேண்டில்பாரில் மாட்டிய சின்னத் திரைக்கு அனுப்பும். அதை வாங்கிய நாளிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. போளூர் ரோட்டில் ஒரு சுற்றுப் போய்வந்தால், "இன்னிக்கு நூத்தி அறுபது" என்று கீழ்வீட்டில் நின்று பீற்றிக்கொள்வேன்.

அண்ணன் சிரிப்பார். பஸ் ஸ்டாண்டு பக்கம் முப்பது வருஷமாக எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தவர். வாட் என்றால் அவருக்குக் குண்டு பல்புதான். "உன்ன தூக்கி ஹோல்டர்ல மாட்டனா எரிவியாடா?" என்பார். "நூறு வாட்டுன்னா ஹாலுக்கு. அறுபது வாட்டு கக்கூசுக்கு. நீ எங்க மாட்டறதுன்னு தெரியாத பல்புடா."

அவருடைய கிறுக்கு வேறு. பௌர்ணமி தவறாமல் கிரிவலம். பதினெட்டு வயதில் ஆரம்பித்தது. மழைக்கும் நிறுத்தியதில்லை, ஜுரத்துக்கும் நிறுத்தியதில்லை. செருப்பில்லாமல் பதினாலு கிலோமீட்டர், ராஜகோபுரத்தில் தொடங்கி ராஜகோபுரத்தில் முடிக்க வேண்டும். நடுவில் வண்டி ஏறினால் அவர் கணக்கில் அது கிரிவலமே இல்லை. கால் கொப்பளித்துப் பாதியில் ஆட்டோ பிடித்து வந்தவன் யாராவது கடைக்கு வந்தால், "இன்னா, சாமிய நட்ட நடு ரோட்ல வுட்டுட்டு வந்துட்டியா?" என்று மூஞ்சிக்கு நேரே கேட்டுவிடுவார்.

அப்படிப்பட்டவருக்குக் கடையில் டியூப்லைட் எடுத்துக் கொடுக்கும்போது மாரடைப்பு வந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். உயிர் தப்பியது, ஆனால் இதயம் பாதி பலத்தில்தான் வேலை செய்கிறது என்றார் டாக்டர். அண்ணன் கேட்ட முதல் கேள்வியே கிரிவலம் எப்போது போகலாம் என்பதுதான். டாக்டர் பொறுமைசாலி. வீட்டிலேயே சைக்கிள் மிதியுங்கள், மெல்ல மெல்ல ஏற்றுங்கள் என்றார். நூறு வாட்டில் அரை மணி நேரம், மூச்சு வாங்காமல், ஒரு வாரம் விடாமல் மிதிக்க முடிந்தால் வந்து பாருங்கள், அப்போது பேசலாம் என்றார். சீட்டிலும் எழுதிக் கொடுத்தார். நூறு வாட் என்று டாக்டர் கையெழுத்தில் பார்த்ததும் அண்ணன் முகம் மலர்ந்ததே, அதை நான் மறக்க முடியாது. அவருக்குத் தெரிந்த பாஷையில் ஒருவர் பேசிவிட்டார்.

மூடிப்போன ஒரு ஜிம்மிலிருந்து அந்த சைக்கிளை வாங்கி, மலை தெரிகிற ஜன்னலுக்கு எதிரே மாடி அறையில் போட்டேன். அண்ணன் தினமும் காலையில் மலையைப் பார்த்துக்கொண்டே மிதித்தார். முப்பது, நாற்பது என்று தொடங்கிய எண் இரண்டே மாதத்தில் தொண்ணூற்றைத் தொட்டது. "சூப்பர் அண்ணா" என்று நான் கைதட்டினேன். ஒரு நாள் மழைக்கு வெளியே போக முடியாமல் நானே அதில் ஏறி உட்கார்ந்தேன். திரை நூற்று எண்பது காட்டியது. எனக்கு வேர்க்கக்கூட இல்லை. என் காலுக்கு நூற்று எண்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ன?

என் சைக்கிளிலிருந்து பெடல்களைக் கழற்றி அதில் மாட்டினேன். மரை ஒன்றுதான், பொருந்திவிட்டது. பூஜ்யத்துக்கு அமைத்து, பெடலைத் தாங்கும் கிராங்கின் நீளத்தை டேப் வைத்து அளந்து சரியாகப் போட்டு, பிறகு மிதித்தேன். மிஷின் திரையில் நூறு, என் திரையில் அறுபது. மறுபடி மிதித்தேன். நூற்று இருபது, எழுபத்திரண்டு. எப்படி மிதித்தாலும் அப்படித்தான் வந்தது. பெடலைத் திரும்ப என் சைக்கிளில் மாட்டி ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன், அதில் ஒரு குறையும் இல்லை.

மிஷினின் மூடியைத் திறந்து பார்த்தபோது விஷயம் புரிந்தது. அந்த மாதிரி மிஷின் எதையும் அளப்பதில்லை. எட்டாவது லெவல் என்று பட்டனை அமுக்கினால் உள்ளே ஒரு மோட்டார் கேபிளை இழுக்கும், கேபிள் காந்தத்தைச் சக்கரத்துக்குக் கிட்டே கொண்டுவரும், மிதிக்கக் கனமாகும். எட்டாவது லெவலில் இத்தனை வேகம் சுற்றினால் இத்தனை வாட் இருக்கும் என்று அது ஒரு குத்துமதிப்பு போடுகிறது, அவ்வளவுதான். எங்கள் மிஷினில் கேபிள் தொளதொளவென்று தளர்ந்து கிடந்தது. திரையில் எட்டு, காந்தமோ நாலில் நிற்கிறது.

இதைச் சொல்லத்தான் மறுநாள் காலை கீழே இறங்கினேன். அண்ணன் படியிலேயே எதிரே வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார். "டேய், நேத்து தொண்ணூத்தி எட்டுடா! இன்னும் ரெண்டே ரெண்டு!" அண்ணி பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். மாரடைப்புக்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை. நான் வந்த வழியே மாடிக்குத் திரும்பிவிட்டேன்.

வாயால் சொல்ல முடியாததை ஸ்பானரால் சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் குளிக்கப் போயிருந்தபோது கேபிளை இறுக்கி, பெடல் வைத்துச் சரிபார்த்தேன். இரண்டு திரையும் ஒன்று போலக் காட்டின. இனிமேல் மிஷின் உண்மை பேசும், அவர் தானாகவே புரிந்துகொள்வார் என்று கணக்குப் போட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அடுத்த நாள் அவர் வழக்கம்போல எட்டை அமுக்கி மிதித்தார். ஆறு நிமிஷத்தில் நாக்குத் தள்ளிவிட்டது. மார்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அதற்கு அடுத்த நாள் அறுபதைத் தாண்டியதுமே மூச்சு வாங்கியது. நாலு நாள் இப்படி. நாலாம் நாள் ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "முடியலடி. உள்ள எதுவோ இறங்கிகினே போவுது. இனிமே அவ்ளோதான்" என்று அண்ணியிடம் சொல்லி அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. மறுநாள் காலை மாடிக்கு வந்தவர் மிஷினைத் தொடவில்லை. மலை தெரிகிற ஜன்னலைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

அன்று நான் ஆபீசுக்கு லீவு போட்டேன். கேபிளை மறுபடி தளர்த்தினேன். உண்மையான நூறை மிதிக்கப் போய் நெஞ்சு நின்றுவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன், நிஜம். ஆனால் அது பாதி நிஜம்தான். அந்த அழுகையை இன்னொரு தடவை பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. "மிஷின்ல சின்ன ரிப்பேர்ண்ணா, கேபிள் மாட்டிகினு இருந்துச்சி. சரி பண்ணிட்டேன், மிதிச்சிப் பாரு" என்றேன். மிதித்தார். தொண்ணூற்றாறு. "அட சனியனே, மிஷினா கெட்டுப்போச்சு! நான் நானே கெட்டுப்போயிட்டேன்னு இல்ல நெனச்சேன்!" என்று என் முதுகில் ஒரு அடி போட்டார். போய் ஜன்னலைத் திறந்தார்.

ஒரு வாரம் விடாமல் நூறு காட்டியது. ஏழு நாளும் திரையை போனில் போட்டோ எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனோம். டாக்டர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "டிரெட்மில் டெஸ்ட் ஒண்ணு எடுத்துட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். இவ்வளவு மிதிக்கிறீங்கன்னா நல்ல முன்னேற்றம்தான். இந்த ரீடிங் சரியா இருக்குமா?" என்று கேட்டார். அண்ணன் பெருமையாக என்னைக் காட்டினார். "என் தம்பிய கேளுங்க சார். வாட்டு விஷயத்துல அவன் பெரிய ஆளு."

டாக்டர் என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் டெஸ்ட் எடுத்திருப்பார். நான் சொன்னது இதுதான்: "கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும் சார்."

நூறுக்கும் அறுபதுக்கும் இருக்கிற தூரம் எனக்குக் கொஞ்சம் முன்ன பின்ன ஆகிவிட்டது. மேடில்லாத ரோட்டில் நடக்க நூறு வாட் எதற்கு, அறுபதே ஜாஸ்தி என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். டாக்டர் ஒரே ஒரு தடவை போகலாம் என்றார். பௌர்ணமிக் கூட்டத்தில் வேண்டாம், வெயிலுக்கு முன்னால் முடியுங்கள், முடியாவிட்டால் அந்த இடத்திலேயே நிறுத்தி வண்டி ஏறிவிட வேண்டும் என்று மூன்று தடவை சொன்னார். அண்ணன் மூன்று தடவையும் தலையாட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ராஜகோபுரத்தின் முன்னால் கற்பூரம் ஏற்றிவிட்டுக் கிளம்பினோம். செங்கம் ரோடு வரை பழைய அண்ணன்தான். வழியில் வருகிற ஒவ்வொரு லிங்கத்திலும் நின்று திருநீறு பூசி, எனக்கும் பூசிவிட்டு, டீக்கடைக்காரர்களிடம் "வந்துட்டேன்யா, போயிட்டேன்னு நெனச்சியா?" என்று வம்பு பண்ணிக்கொண்டே நடந்தார். ரோடு செங்கம் பக்கத்தை விட்டுத் திரும்பியதும் பேச்சு நின்றது. ஆதி அண்ணாமலையைத் தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. அவருடைய உதடு ஒரு மாதிரி வெளுத்திருந்தது. ஒரு புளியமரத்து வேரில் உட்கார்ந்து, இடது தோளைத் தேய்க்க ஆரம்பித்தார்.

நான் ஓடிப்போய் ஒரு ஆட்டோவை மறித்து நிறுத்தினேன். "ஏறுண்ணா."

"போடா. பாதில ஏற மாட்டேன்."

"டாக்டர் இன்னா சொன்னாரு? ஏறுண்ணா, உன் கால்ல வுழறேன்."

"டாக்டர் நூறு கேட்டாரு, குடுத்துட்டேன்." மூச்சு இழுத்து இழுத்துப் பேசினார். "நூறு வாட்டு மிதிச்சவன்டா நான். அஞ்சு நிமிஷம் குந்தினா சரியாப்பூடும்."

எழுந்து நடக்கப் பார்த்தார். கால் பின்னியது. ஆட்டோக்காரர் இறங்கி வந்து ஒரு கையைப் பிடித்தார், அண்ணன் உதறிவிட்டார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. தெரியவில்லையா, இல்லை அத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது வெடித்துவிட்டதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் சட்டையைப் பிடித்து, ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

"அந்த நூறு பொய்ண்ணா! கேபிள் தளந்து கெடந்துச்சி. நான்தான் இறுக்கினேன், நீ அழுதன்னு நான்தான் தளத்திவுட்டேன். என் பெடலு வெச்சிப் பாத்தேன். நீ மிதிச்சது அறுபது. வெறும் அறுபது!"

அண்ணன் திமிறுவதை நிறுத்தினார். என்னைத் திட்டுவார், அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் முகத்தையே பார்த்தார்.

"அறுபதா?" என்றார்.

நான் தலையாட்டினேன். பிறகு அவரே ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் பிடிக்கவில்லை, விலக்கவுமில்லை. வாயு லிங்கம், குபேர லிங்கம் எல்லாம் வலப்பக்கமும் இடப்பக்கமுமாக ஓடின. ஒன்றுக்கும் அவர் கை குவியவில்லை. வழியெல்லாம் "அண்ணா, அண்ணா" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது கண் திறந்துதான் இருந்தது. உள்ளே கொண்டுபோய்ப் பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது என்றார்கள்.

அண்ணி வந்து விழுந்தது, ஜனம் கூடியது, எடுத்தது எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. ஒன்று மட்டும் தெளிவாக நினைவிருக்கிறது. மூன்றாம் நாள் பால் ஊற்றிவிட்டு வந்து நான் படியில் உட்கார்ந்திருந்தேன். அண்ணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணெல்லாம் வீங்கிப்போயிருந்தது.

"தம்பி, நீதானப்பா கூட இருந்த. கடைசியா எதுனா சொன்னாரா?"

நான் வாயைத் திறந்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், டாக்டர் பார்த்த மாதிரியே.

"அண்ணாமலையாரேன்னு சொன்னாரு அண்ணி" என்றேன். "ரெண்டு தடவ."

அண்ணி மலை இருந்த திசையைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். காரியத்துக்கு வந்த அத்தனை பேரிடமும் அதைச் சொன்னார். இப்போதும் மாடிக்கு வந்து அந்த சைக்கிளைத் துடைக்கும்போது சொல்கிறார். "நூறு வாட்டு மிதிச்ச மனுஷன். சாமி பேர சொல்லிகினே போய்ச் சேர்ந்துட்டாரு. எல்லாருக்குமா கெடைக்குது அது?"

"ஆமா அண்ணி" என்கிறேன்.