கோடு சேராத வீடு

எங்கள் வீட்டைக் கட்டியவன் மூலைமட்டத்தைக் கண்ணால் பார்த்திருக்கமாட்டான். மைசூர் மண்டி மொஹல்லாவில், ஆட்டோ நுழைந்தால் ஸ்கூட்டர் ஒதுங்க வேண்டிய சந்தில், கிடைத்த இடத்துக்கு ஏற்பச் சுவரை வளைத்து வளைத்து எழுப்பியிருந்தான். வீடு வாசலில் ஒடுங்கி, நடுவில் வயிறு தள்ளி, பின்னால் மறுபடி ஒடுங்கும். ரயில்வே வேலைக்காக இங்கே வந்த அப்பா இதை வாங்கிப் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். கால் இருந்தவரை இந்தக் கோணல் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு லாரி என் ஸ்கூட்டரை இடித்தது. இரண்டு கால்களையும் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். சக்கர நாற்காலியோடு வீடு திரும்பினேன். கூடத்திலிருந்து பாத்ரூமுக்குப் போக அடுக்களை வழியாகப் படி இறங்க வேண்டும். மனைவி ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம் பிடித்து என்னைத் தூக்கிப் போனார்கள். அண்ணன் ஆபீஸ் போன பிறகு அவசரம் வந்தால், அவன் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பேன். காப்பி குடிப்பதையே நிறுத்தினேன். யார் கையும் படாமல் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். அப்போது எனக்கு வேறு ஆசையே கிடையாது.

கூடத்துக்கும் பாத்ரூமுக்கும் நடுவே இருந்தது சாமி அறை. அதன் ஒரு பக்கத்தில் நாற்காலி போகிற அளவுக்குப் பாதை விட்டு, மீதியில் சாமியை வைக்கலாம் என்றான் அண்ணன். அம்மா "சாமி ரூம் போயிடாதில்ல?" என்று மட்டும் கேட்டாள். போகாது என்று எல்லோரும் சொன்னோம். ஆனால் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருந்ததால், வரைபடம் இல்லாமல் கை வைக்கமாட்டேன் என்றார் மேஸ்திரி.

வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை செய்யலாம் என்று நான் ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தேன். அதைக் கொடுத்த கடைக்காரர், வீட்டு வரைபடம் போடும் சாஃப்ட்வேர் இரண்டை சிடியில் கொண்டுவந்தார்.

"இது ஃபாரின் மாடல் சார். ரூம் சைஸ் குடுத்தா அதுவே கட்டிக்கும். உள்ளாற நடந்தே பாக்கலாம், கொத்தா, தெரியுமா?"

முதல் சிடியில் வீட்டு அளவுகளைக் கொடுத்துவிட்டு அம்புக்குறி விசையை அழுத்தினேன். கூடம் நகர்ந்தது, சாமி அறை வந்தது, அதன் ஓரமாகவே போய் பாத்ரூம் வாசலில் நின்றேன். விபத்துக்குப் பிறகு நான் நடந்தது அப்போதுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த சாஃப்ட்வேரில் பூஜை மாடம் இல்லை என்பதால் அண்ணன் ஒரு புத்தக அலமாரியை வைத்து, "இதான்மா நம்ம சாமி" என்றான். அம்மா திரையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இரண்டாவதில் ஒரு மண்ணும் இல்லை. கறுப்புத் திரை, வெள்ளைக் கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் நீளமும் கோணமும் தட்ட வேண்டும். "இதுல வீடே இல்லடா, வெறும் கம்பி" என்றான் அண்ணன். எங்கள் மூன்று பேருக்கும் முதலாவதுதான் பிடித்தது. பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் என் மனைவி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"எந்த மூலையைக் குடுத்தாலும் அது நேராக்கிடுதுங்க. நம்ம வீட்ல நேர் மூலை எங்க இருக்கு?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "திரையிலகூட நான் நடக்கக் கூடாதா உனக்கு?" என்றேன். அவள் என்னைத் தூக்கித் தூக்கி வலி கண்ட இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு எழுந்து போனாள். அதைப் பார்த்த பிறகு இரண்டாவது சிடியைப் போட்டேன்.

கூடம் சரியாக வந்தது. அடுக்களையும் வந்தது. சாமி அறையில் மட்டும் கடைசிக் கோடு முதல் கோட்டைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. திரும்பத் திரும்பத் தட்டினேன். சேரவில்லை.

"இந்த ரூமை யாருங்க அளந்தது?" என்று கேட்டாள் மனைவி.

அளந்தவன் அண்ணன். குளித்துவிட்டு, சாமி அறை வாசற்படியில் நின்றபடி முன்பக்க அகலத்தை எடுத்திருக்கிறான். பின்பக்கத்துக்கும் அதையே எழுதிவிட்டான். "சாமிக்குப் பின்னாடி டேப்பை விடுவாங்களா யாராவது?" என்று எங்களையே கேட்டான். எங்கள் வீட்டில் தசராவுக்கு முன் வெள்ளையடிக்கும்போதுதான் படங்களை நகர்த்துவது வழக்கம். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அம்மா விளக்கேற்றி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பட்டுத்துணி விரித்த கட்டிலில் வைத்தாள். மனைவி பின்சுவரில் டேப்பைப் பிடித்தாள். பொதுச்சுவர் அங்கே சரிந்து உள்ளே வந்திருந்தது. புது அளவைத் தட்டினேன். கோடு சேர்ந்தது. நாற்காலிக்கு வழி விட்டபின் சாமிக்கு மிஞ்சியது ஒரு படத்தைக்கூடச் சாய்த்து வைக்க முடியாத இடுக்கு.

"அந்த இன்னொரு சிடியிலயே போட்டுக் குடுத்துடலாமேடா, அதுல இடம் இருக்கே" என்றான் அண்ணன், நிஜமாகவே.

அதில் இடம் இருந்தது. அதில் எனக்குக் கால்கூட இருந்தது.

சாமி அறை வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, பாத்ரூம் வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. அம்மாதான் கட்டிலைப் பார்த்தபடி சொன்னாள்: "எடுத்தது எடுத்ததாவே இருக்கட்டும். அடுக்களை அலமாரில வெச்சுக்கறேன்."

கறுப்புத் திரையில் போட்ட வரைபடத்தையே அச்செடுத்து மேஸ்திரியிடம் கொடுத்தோம். வேலை முடிந்த நாளன்று சாயங்காலம், நாற்காலியை நானே உருட்டிக்கொண்டு போய்ப் பாத்ரூம் கதவைச் சாத்தினேன். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன்.

கதவைத் திறந்து வெளியே உருண்டு வந்தால், பாதையின் கூடத்து முனையில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். கையில் கற்பூரத் தட்டு. விளக்கு வைக்கும் நேரம், பழக்கதோஷத்தில் அங்கே வந்துவிட்டாள். கண்ணை மூடி, சாமி இருந்த இடத்தை நோக்கித் தட்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் ஈர லுங்கியோடு நான். நாற்காலியைத் திருப்ப அங்கே இடம் கிடையாது. சக்கரத்தைப் பிடித்து நிறுத்திக்கொண்டேன்.

அவள் கண் திறந்தாள். தட்டு நடுவில் நின்றது.

"நீயாடா" என்றாள். தட்டை முந்தானையால் மறைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

இதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. அவள் இருந்தவரை, விளக்கு வைக்கும் நேரத்தில் எவ்வளவு முட்டிக்கொண்டு வந்தாலும் நான் அந்தப் பக்கம் போகவில்லை. அடுக்களையில் மணிச் சத்தம் கேட்டு ஓயும்வரை, பழையபடி பல்லைக் கடித்துக்கொண்டு கூடத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.