இரண்டாவது கணக்கு

எங்கள் குழந்தைகள் வார்டில் அவளுக்குக் கணக்கு டீச்சர் என்று பெயர். நர்ஸுக்கு எதற்கு இந்தப் பட்டம் என்று கேட்பவர்கள் அவளோடு ஒரு நாள் வேலை பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடலாம். குழந்தைகளுக்கு அப்படி முடியாது. எடை பார்த்து, பாட்டிலில் உள்ள மருந்தின் வீரியம் பார்த்து, அளவைக் கணக்குப் போட்டு எடுக்க வேண்டும். கடுமையான மருந்தாக இருந்தால் இரண்டு நர்ஸ்கள் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, விடை ஒத்துப்போனால்தான் கொடுக்கலாம். விதி எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கிறது. இரண்டாவது நர்ஸ்தான் இருப்பதில்லை.

நான் அந்த வார்டின் பொறுப்பு நர்ஸ். ஆள் கேட்டு மேலிடத்துக்கு நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். ஒருத்தி நாலு கட்டிலுக்கு ஓடும் இடத்தில், "பார்த்தாச்சுக்கா" என்று கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு ஓடத்தான் செய்வார்கள். டீச்சர் மட்டும் விடமாட்டாள். "நீயா போடு, என்னுதைப் பார்க்காதே" என்று பிடித்து உட்கார வைப்பாள். வீட்டில் மகளுக்குக் காய்ச்சல் மருந்து ஊற்றினாலும் கணவரைக் கூப்பிட்டு அளவைப் பார்க்கச் சொல்வாளாம். அவர் தையல்காரர். "டேப்பை எடுத்துட்டு வரவா?" என்று கேட்பாராம்.

இப்படி நச்சரித்தே நல்ல பெயர் வாங்கிவிட்டாள். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. டீச்சர் போட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று, அவள் கணக்கை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

அப்போது ஜன்னலோரக் கட்டிலில் இதயக் கோளாறோடு ஒரு கைக்குழந்தை இருந்தான். அவனுக்கு ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, கன்னத்தோரம் துளித்துளியாக விட வேண்டிய மருந்து. கொஞ்சம் கூடினாலும் நெஞ்சு தாளம் தப்பிவிடும். அவன் அம்மா எங்களில் யாரையும் கிட்டே சேர்க்கமாட்டாள். "அந்த சிஸ்டர் குடுத்தாத்தான் கக்காம குடிக்கிறான்" என்று டீச்சருக்காகவே காத்திருப்பாள். டீச்சருக்கு அதில் உள்ளூரப் பெருமை. பையனும் அவளைக் கண்டால் பொக்கை வாயைத் திறந்து சிரிப்பான்.

அன்று மதியம் வரவேண்டிய நர்ஸ் வரவில்லை. காலையிலிருந்து நின்ற டீச்சர் அப்படியே அடுத்த ஷிப்டையும் சேர்த்துப் பார்த்தாள். கால் வீங்கி, செருப்பு வார் சதையில் பதிந்திருந்தது. குழந்தைக்கு மருந்தை எடுத்துவிட்டு, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பெண்ணைக் கூப்பிட்டாள்.

அந்தப் பெண் கையெழுத்தைப் போட்டுவிட்டு நகர்ந்தாள்.

"கணக்குப் போட்டியா?"

"நீங்க போட்டா சரியாத்தான்க்கா இருக்கும். அங்க ரெண்டு குழந்தைக்கு வாந்தி."

டீச்சர் அவளைப் பிடித்து உட்கார வைக்காமல் சிரிஞ்சோடு கட்டிலுக்குப் போனாள். எனக்கே ஆச்சரியம். அசதி அவளையும் சாய்த்துவிட்டது போலும் என்று நினைத்தேன். அம்மா குழந்தையை மடியில் சாய்த்துக்கொண்டாள். அவனும் வாயைத் திறந்தான். டீச்சர் சிரிஞ்சை வாய்வரை கொண்டுபோனவள் நின்றுவிட்டாள். "ஒரு நிமிஷம்மா" என்று விறுவிறுவெனத் திரும்பி வந்து, அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"இது முடிஞ்சதும் வாந்தியை நான் பார்க்கறேன். நீ போடு."

அந்தப் பெண் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போட்டாள். டீச்சர் எடுத்ததில் பாதிதான் வந்தது.

"தப்பு. திரும்பப் போடு."

திரும்பவும் பாதி. டீச்சர் சலித்துக்கொண்டு பாட்டிலைக் கையில் எடுத்தாள். மருந்து அறையில் பழைய சரக்கு தீர்ந்து அன்றுதான் புதியது வந்திருக்கிறது. அதே மூடி, அதே நிறம், வீரியம் மட்டும் இரண்டு மடங்கு. டீச்சருக்குப் பழைய பாட்டில் மனப்பாடம். லேபிளைப் பார்த்த கண்ணும் பழசையே படித்திருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு எதுவும் மனப்பாடம் இல்லை; எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் அவளால் போட முடியும். பிள்ளை பிழைத்தான்.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, நான் பார்க்காம கையெழுத்துப் போட்டுட்டேன்க்கா" என்று அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள்.

"அழாதே. இனிமே என்னை மட்டும் நம்பாதே" என்றாள் டீச்சர். திட்டக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

மருந்தைக் கொட்டிவிட்டு, சரியான அளவை எடுத்துப் போய்க் கொடுத்தாள். "ஏன் சிஸ்டர் லேட்டு?" என்று அம்மா சாதாரணமாகத்தான் கேட்டாள். பாட்டில் மாறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம், அதுவும் பொய்யில்லை. அவள் சொன்னாள்:

"நான் அளவைத் தப்பா எடுத்துட்டேம்மா. அந்தப் புதுப்பொண்ணு போட்ட கணக்காலதான் தெரிஞ்சுது."

அம்மா குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு அவனைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தாள்.

மறுநாள் காலை டீச்சர் மருந்தோடு போனபோது அம்மா குழந்தையை எடுக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"கோவிச்சுக்காதீங்க சிஸ்டர். அந்தப் பொண்ணையே குடுக்கச் சொல்லுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பார்க்காமல் கையெழுத்துப் போட்டவளே அந்தப் பெண்தான் என்று சொல்லிவிட வாயைத் திறந்தேன். டீச்சர் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"விடுங்கக்கா. நானா இருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பேன்."

அந்தப் பெண் வந்தாள். இருவரும் தனித்தனியாகப் போட்டார்கள், ஒத்துப்போனது. அம்மா குழந்தையைத் தூக்கி அவள் பக்கம் நீட்டினாள். டீச்சர் கட்டிலின் கால்மாட்டில் நின்று சிரிஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். விஷயம் தெரியாத பையன் அவளைப் பார்த்துச் சிரித்து இரண்டு கையையும் நீட்டினான். அவள் கிட்டே போகவில்லை.