அக்கேசியாவுக்கு நம்பர் போட்டவன்

இலை பறித்துச் சம்பளம் வாங்குகிறவர்கள் தேயிலைத் தோட்டத்தில் மட்டும்தான் இருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கல்லூரி ஆய்வகத்துக்காக ஊர் ஊராக ஏணி சுமந்து பறிக்கிற என்னைப் போன்றவர்களும் உண்டு. மீட்டர் பார்க்கப் போகிறவர்கள், கணக்கெடுக்கப் போகிறவர்கள், அடுத்தவர் வாசலில் நின்று "ஒரு நிமிஷம்" என்று சொல்லியே பிழைக்கிறவர்கள் எல்லோருக்கும் என் பாடு புரியும்.

பாறசாலைக்குப் பக்கத்தில் கொல்லயில் பஞ்சாயத்தில், கால்வாய்க் கரையில் இருபது அக்கேசியா மரங்கள். ஆரியங்கோட்டில் இன்னொரு இருபது. தேயிலையில் காஃபீன், புகையிலையில் நிகோடின் இருக்கிற மாதிரி, அக்கேசியா இலையிலும் ஆல்கலாய்டு என்ற வகைச் சரக்கு கொஞ்சம் உண்டாம். எந்த மரத்தில் எவ்வளவு என்று பார்ப்பது எங்கள் மேடத்தின் ஆராய்ச்சி. மேடம் காட்டாக்கடைக்காரர், தாவரவியல் பேராசிரியை. இலையைப் பறித்து, உலர்த்தி, கவரில் நம்பர் எழுதிக் கொடுப்பது என் வேலை. ஒரு வருஷ ஒப்பந்தம். ரிசல்ட் உருப்படியாக வந்தால் நீட்டிப்பார்கள். நாலு வருஷம் கிடைத்த வேலையையெல்லாம் செய்து அலைந்த பிறகு அமைந்த மாதச் சம்பளம். அந்த நீட்டிப்புக்காக நான் எந்த மரத்திலும் ஏறத் தயாராக இருந்தேன்.

மஞ்சள் பெயின்ட்

முதல் நாள் மரங்களில் மஞ்சள் பெயின்ட்டால் ஒன்று முதல் இருபது வரை நம்பர் போட்டேன். எங்கள் பக்கம் சாலையோர மரத்தில் நம்பர் விழுந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஏலம் வரப்போகிறது, மரம் விழப்போகிறது. இது எனக்குத் தெரியாததல்ல. கையில் பிரஷ் இருந்ததால் மறந்துவிட்டேன்.

மறுநாள் காலை கால்வாய்க் கரையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பாதிப் பேர் மரத்தை வெட்டக்கூடாது என்று சண்டைக்கு வந்தவர்கள். மீதிப் பேர் விறகு கேட்டு வந்தவர்கள். இது இலை ஆராய்ச்சி, வெட்டு கிடையாது என்று தமிழிலும் மலையாளத்திலும் தொண்டை வற்றச் சொன்னேன். எல்லோரும் போன பிறகு மரக்கடைக்காரர் ஒருவர் மட்டும் என் தோளில் கை போட்டுத் தனியே கூட்டிக்கொண்டு போனார். "ஆராய்ச்சி எல்லாம் நடக்கட்டும் மக்கா. ஒம்பதாம் நம்பர் மட்டும் எனக்கு உள்ளதாக்கும், வேற ஆருக்கும் வாக்கு குடுத்துராத."

சபைக்குத் தேவையான கடிதம்

ஆரியங்கோட்டு மரங்களில் மூன்று, பழைய மிஷன் சபை ஒன்றின் வளாகத்தில் நின்றன. அனுமதி கேட்கப் போனேன். சபைச் செயலாளர் நாற்காலி போட்டு, சாயா வரவழைத்து, ஒரு வெள்ளைத் தாளையும் முன்னால் வைத்தார். அக்கேசியா பூக்கிற காலத்தில் ஊரில் பாதிப் பேருக்கு மூச்சிழுப்பு வருகிறது, மரத்தில் விஷம் இருக்கிறது என்று நான் எழுதிக் கொடுத்தால் வெட்டிவிடலாம் என்றார். பக்கத்திலிருந்த பொருளாளர், கன்வென்ஷன் கூட்டத்துக்கு வருகிறவர்கள் வெயிலில் எங்கே உட்காருவார்கள் என்று கேட்டார். தாள் என் முன்னால் அப்படியே கிடந்தது.

நான் இலை பறிக்கிறவன், எழுதிக் கொடுக்கிற அதிகாரம் எனக்கில்லை, அதோடு பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற மரங்களே ஒன்றுபோல் இருக்க வேண்டியதில்லையாம் என்று மேடம் சொல்லித் தந்ததைச் சொன்னேன். செயலாளர் பொருளாளரை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரே நாளு நட்டு, ஒரே தண்ணி குடிச்சு, மூணும் மூணு குணமா? அப்போ இது நம்ம கமிட்டி தான்."

புகைப்புரை

ஜூன் மழை ஆரியங்கோட்டில் பிடித்தால் விடாது. இலையை நிழலில், காற்றோட்டமாக உலர்த்த வேண்டும் என்பது கண்டிப்பான விதி. கொல்லயில் இலை மழைக்கு முன்பே அப்படிக் காய்ந்துவிட்டது. காற்றே ஈரமாக இருந்தால் என்ன செய்ய? நாலாம் நாள் இலையில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியது. என் மனைவி ஷைனியின் தம்பி ஸ்டீபனுக்கு அங்கே ரப்பர் தோட்டம் உண்டு. ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டு, கீழே தேங்காய்த் தொண்டு புகைத்து உலர்த்துகிற புகைப்புரையும் உண்டு. ஆரியங்கோட்டுக் கவர் இருபதையும் ஷீட்டுகளுக்கு நடுவே கட்டித் தொங்கவிட்டேன்.

மூன்றே நாளில் அப்பளமாகக் காய்ந்துவிட்டது. எனக்கே கொஞ்சம் உறுத்தியது. சூடு பட்டால் கெட்டுவிடுமோ என்று ஸ்டீபனிடம் கேட்டேன். அவன் ஷீட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னான்: "ஷீட்டு காயுத எடத்துல எல காயாதோ அத்தான்? ரண்டும் மரத்துக்க சாமானம் தானே."

மண்ணின் குணம்

ரிசல்ட் வந்த அன்று மேடம் என்னை உட்காரச் சொன்னார். அதுவே முதல் தடவை. கொல்லயில் மரங்களில் ஆல்கலாய்டு தாராளம்; ஆரியங்கோட்டு மரங்களில் இருபதிலும் பேருக்குத்தான். மண்தான் காரணம் என்று மேடத்துக்கு ஒரே சந்தோஷம். கருத்தரங்குக்கு அனுப்பக் கட்டுரையே பாதி எழுதிவிட்டார். எனக்குத் தெரிந்த காரணம் வேறு. பேருக்கு இருந்த இருபதும் புகைப்புரையில் தொங்கிய இருபது.

நான் விழிப்பதைப் பார்த்து, ஆனந்த அதிர்ச்சி என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. "ஜஸ்டின், ஒப்பந்தத்தைப் பற்றி இனி கவலைப்படாதே," என்றார். "கட்டுரைல உன் பேரையும் போடுதேன்."

ஷைனியின் கணக்கு

வீட்டுக்கு வந்து ஷைனியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மேடத்திடம் உண்மையைச் சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்றும் சொன்னேன். உள்ளுக்குள், சொல்ல வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டால் நன்றாயிருக்கும் என்றுதான் ஆசைப்பட்டேன். வெட்கமாக இருந்தாலும் அதுதான் நிஜம்.

ஷைனி தையல் மெஷினை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் நூலைக் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னாள்: "வேல போனா எனக்க தையல் உண்டு, ஒரு வருசம் ஓட்டிரலாம். நீங்க ஒறங்காம உருண்டுட்டுக் கெடந்தா எனக்கும்லா ஒறக்கம் போவும்?"

பதினொன்றும் பன்னிரண்டும்

மறுநாள் சொல்லிவிட்டேன். மேடம் திட்டவில்லை. அச்செடுத்து வைத்திருந்த பாதிக் கட்டுரையை நாலாக மடித்து மேஜை டிராயருக்குள் போட்டார். அந்தச் சத்தம் திட்டைவிட மோசமாக இருந்தது. பிறகு, நாற்பது மரத்திலும் திரும்பப் பறிக்க வேண்டும் என்றார். இந்தத் தடவை அவரே கூட வந்து ஏணியைப் பிடித்தார். எல்லாக் கவரும் ஆய்வகத்தில், ஃபேனுக்குக் கீழே, ஒரே மாதிரி காய்ந்தன.

புது ரிசல்ட்டில் மண்ணும் இல்லை, ஊரும் இல்லை. ஆரியங்கோட்டிலும் தாராளமான மரம் உண்டு, கொல்லயிலிலும் வறண்ட மரம் உண்டு. கொல்லயிலில் கிளையோடு கிளை உரசி நிற்கிற பதினொன்றும் பன்னிரண்டும்தான் மோசம். ஒன்றில் நிறைய இருந்தது, மற்றதில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. மேடத்தின் அழகான முடிவு போய்விட்டது, என் வேலையும் போயிற்று என்று பையைத் தோளில் மாட்டினேன். மேடம் தாளிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்: "எங்கே போறே? மழைக்கு ஒரு மாதிரி, வெயிலுக்கு ஒரு மாதிரி இருக்குமான்னு இனிமேலாக்கும் பார்க்கணும். இன்னும் ஒரு வருஷம் மாசாமாசம் நாப்பது மரத்துலயும் நீதான் ஏறணும்."

நாற்பது மரமும் நாற்பது மாதிரி என்று கண்டுபிடித்துக் கொடுத்ததற்காக, நாற்பதிலும் ஒரே மாதிரி கடிக்கிற முசிறு எறும்புகளோடு இன்றைக்கும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.