‘எத்தனை நாளாக’ என்ற கட்டம்

ஆய்வகத்தில் அவளுக்குப் பூஞ்சையம்மா என்று பெயர், முதுகுக்குப் பின்னால். அது அவளுக்கும் தெரியும். இருபத்திரண்டு வருடம் நுண்ணோக்கிக்குள் கண்ணை விட்டுக்கொண்டு உட்கார்ந்தவளுக்கு மனிதர்களைப் பார்ப்பதில் அவ்வளவு பிரியமில்லை. பூஞ்சையாவது நடிக்காது என்பாள்.

பயிற்சி மருத்துவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகவே ஆகாது. மூக்குக்குள்ளிருந்து வெட்டிய சதையை வளர்த்துப் பார்க்க உப்புநீரில் அனுப்ப வேண்டும். இவர்கள் ஃபார்மலினில் முக்கி, பூஞ்சையைச் சாகடித்துவிட்டுப் பூஞ்சை இருக்கிறதா என்று கேட்பார்கள். சுவரில் எழுதி ஒட்டியும் பயனில்லை. விண்ணப்பத்தாளில் ‘எத்தனை நாளாக’ என்ற கட்டத்தைக் காலியாக விடும் கும்பல் இன்னும் மோசம். தாளை மூஞ்சியில் அடிக்காத குறையாகத் திருப்பித் தருவாள்.

“நாள் கணக்குல கண்ணத் தின்னு மூளைக்குப் போற நோய் இது. அதைக் கூடக் கேக்காம கழுத்துல எதுக்கு அந்தக் குழாய மாட்டிக்கிட்டு அலையிற?”

ஆனால் தங்கையின் புருஷனோடு வைத்துப் பார்த்தால் அவர்களே தேவலை. சர்க்கரை எக்கச்சக்கம், மாத்திரை மட்டும் கசக்கும். ஒரு தும்மலுக்கு மூன்று நாள் படுக்கை. நாலு வேலையை விட்டாயிற்று, நாலிலும் முதலாளி சரியில்லையாம்.

திங்கட்கிழமை தங்கை போன் செய்தாள். “அக்கா, அவருக்கு மூக்கடைப்பா இருக்கு. ஒரு பக்கக் கன்னம் மரத்துப்போன மாதிரி இருக்குன்றார்.”

“அந்தாளுக்கு எதுதான் மரத்துப்போகல? ஆவி பிடிக்கச் சொல்லு. வேலைக்குப் போகாம இருக்க இது ஒரு சாக்கு.”

போனை வைத்துவிட்டு, நன்றாகச் சொன்னோம் என்று அவளே சிரித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பகலில் ஒரு பயிற்சி மருத்துவன் புட்டியோடு ஓடிவந்தான். நோயாளிக்கு ஒரு கண் வீங்கி மூடிவிட்டது, மூக்குக்குள் கறுப்புப் பொருக்கு என்றான். சதை உப்புநீரில்தான் இருந்தது. அதிசயம். ஆனால் தாளில் அந்தக் கட்டம் காலி. நோயாளியின் பெயரை அவள் எப்போதும் படிப்பதில்லை. புட்டியின் எண்ணும் அந்தக் கட்டமும் போதும்.

“வெளியில சொந்தக்காரங்க நிப்பாங்க. போய்க் கேட்டுட்டு வா,” என்று தாளை அவனிடமே வீசினாள்.

அவன் போனதும் துணுக்கைக் கண்ணாடித் தகட்டில் வைத்தாள். சதையைக் கரைக்கும் காரநீரில் ஒரு சொட்டு விட்டுக் காத்திருந்து பார்த்தாள். அகலமான நாடாக்கள், குறுக்குச் சுவர் இல்லாமல், செங்கோணத்தில் கிளை பிரிந்து கிடந்தன. சந்தேகமே இல்லை. அறுவை மருத்துவரை அவளே போனில் கூப்பிட்டாள்.

“கறுப்புப் பூஞ்சைதான் சார். வளர்த்துப் பாக்குற வரைக்கும் காத்திருக்காதீங்க. மருந்த இப்பவே ஏத்துங்க, இன்னைக்கே செத்த சதையெல்லாம் எடுத்துடுங்க.”

பயிற்சி மருத்துவன் திரும்பி வந்தான். வழக்கமான பயம் அவன் முகத்தில் இல்லை.

“அஞ்சு நாளாம் மேடம். அவர் மனைவிதான் சொன்னாங்க. முதல் நாளே உங்ககிட்ட போன்ல சொன்னாங்களாமே.”

அப்போதுதான் தாளிலிருந்த நோயாளியின் பெயரை அவள் படித்தாள். தங்கையின் புருஷன். கன்னம் மரத்துப்போவது முதல் அறிகுறிகளில் ஒன்று என்று வருடா வருடம் புதுசாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பவள் அவள்தான். அவனிடம் பேனாவைக் கேட்டு வாங்கி, கட்டத்தில் ஐந்து என்று எழுதினாள். அவமானத்தில் காது சுட்டது.

உயிர் தப்பியது. கண்ணை எடுக்க வேண்டியதாயிற்று. இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் மிஞ்சியிருக்கலாம் என்றார் அறுவை மருத்துவர், யாரையும் குறிப்பிடாமல்.

பத்து நாள் கழித்து வார்டுக்குப் போனாள். பாதி முகத்தில் கட்டோடு தங்கையின் புருஷன் எழுந்து உட்காரப் பார்த்தார்.

“அண்ணி, நீங்க சட்டுனு பாத்துச் சொன்னதாலதான் நான் இருக்கேன்னு எல்லாரும் சொல்றாங்க.”

தங்கை தலையணை உறையை மாற்றிக்கொண்டிருந்தாள். அக்கா பக்கம் திரும்பாமல் பழைய உறையை உதறி மடித்தாள்.