கைகூப்பாமல் வந்த தண்ணீர்

என் சின்னம்மாவைத் தெருவில் 'வாயாடி' என்பார்கள். அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் தேய்ப்பது அவர் வேலை. அங்கே குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டும். அந்தத் தண்ணீர் எங்கள் தெருவுக்கு அடியில்தான் போகிறது. எங்கள் வீடுகளுக்கு மட்டும் அப்போது இணைப்பு இல்லை.

ஒரு வியாபாரி புண்ணியத்துக்கு லாரியில் தண்ணீர் அனுப்புவார். கைகூப்பி நின்று போட்டோவுக்கு முகம் காட்டினால்தான் குடம் நிறையும். ஒருநாள் சின்னம்மா கைகூப்ப மறுத்தார். அதற்குப் பிறகு லாரி வரவில்லை.

"உன்னாலதான் இந்தக் கதி" என்று தெருவே திட்டியது. சின்னம்மா அசரவில்லை. திட்டியவர்களையே கூட்டிக்கொண்டு நகராட்சிக்குப் போனார். நானும் போனேன்.

"அந்த வியாபாரிகிட்ட பேசி லாரியை அனுப்பச் சொல்றேன்மா" என்றார் அதிகாரி.

"தானம் கேட்டு வரலைங்க. நாங்களும் இந்த ஊர்லதான் இருக்கோம். எல்லார் வீட்டுக்கும் வர்ற தண்ணி எங்க வீட்டுக்கும் வரணும். அது எங்க உரிமை."

அதிகாரி மனு எழுதித் தரச் சொன்னார். ஆனாலும் செருப்புத் தேய நடந்த பிறகுதான் தெருவைத் தோண்டினார்கள். வீட்டுக்கு வீடு குழாய் வந்தது.

திறப்பு விழா நடத்த அந்த வியாபாரி ரிப்பனோடு வந்து நின்றார்.

"உங்க வீட்டுக் குழாயை யாருங்க வந்து திறந்து வெச்சாங்க?" என்று சின்னம்மா பணிவாகத்தான் கேட்டார். தெருவே சிரித்தது, வியாபாரியும் அசடு வழியச் சிரித்தார்.

சின்னம்மா தன் வீட்டுக் குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். வியாபாரியோடு வந்து பக்கத்தில் நின்ற போட்டோக்காரரிடம், "எங்க சின்னம்மா" என்றேன், அவர் கேட்காமலேயே.