சும்மா தட்டு

நெருப்போடு விளையாடாதே என்று சொல்லிச் சொல்லி மகளை வளர்த்த அம்மாக்கள் நிறையப் பேர். அந்த விளையாட்டுக்கே பட்டம் வாங்கிக்கொண்டு வந்து நின்ற மகளைப் பெற்றவள் இவளுடைய அம்மா ஒருத்திதான். "உங்க பொண்ணு என்ன டாக்டரு, ஊசி போடுறதா?" என்று யாராவது கேட்டால், "இல்ல, காட்டைக் கொளுத்துறது" என்று பெருமூச்சு விடுவாள்.

பாவம், அவள் கொளுத்தியது கொஞ்சம்தான். பெரும்பாலும் தானாக எரிந்து முடிந்த காட்டுக்குத்தான் போவாள். சாம்பலுக்குள் முதலில் எது தலைகாட்டுகிறது என்று மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒல்லி உடம்பு, கரி அப்பிய தலை. ஆய்வுக்கூடத்தில் 'தீக்குச்சி' என்று பேர் வைத்துவிட்டார்கள். பேர் பொருத்தமாக இருந்ததால் அவளும் கோபித்துக்கொள்ளவில்லை.

அவளுடைய ஆயுசு முழுவதையும் வாங்கிக்கொண்டது மஞ்சள் பூப் பூக்கும் ஒரு குத்துச்செடி. அது அடிக்கடி தீப்பிடிக்கும் மலைச்சரிவிலும் இருந்தது, தீ எட்டிப்பார்க்காத ஈரப் பள்ளத்திலும் இருந்தது. பள்ளத்து விதை தண்ணீர் பட்டாலே முளைக்கும். சரிவு விதையோ, காலில் விழுந்து கெஞ்சினாலும் அசையாது. புகை பட்டால்தான் கண் திறக்கும். சரிவில் அவசரப்பட்டு முளைத்ததையெல்லாம் பெரிய செடிகளின் நிழல் தின்றுவிட்டது. தீ வந்து இடத்தைக் காலி செய்யும்வரை காத்திருந்தது பிழைத்துப் பிள்ளை பெற்றது. தலைமுறை தலைமுறையாக இப்படியே நடந்து ஒரே செடிக்கு இரண்டு குணம் வந்துவிட்டது என்பது அவள் கட்சி. 

எதிர்க்கட்சியும் இருந்தது. வேறொரு பல்கலைக்கழகத்தின் தாடிக்காரப் பேராசிரியர். சரிவு விதை வெறும் சோம்பேறி, விட்டுவைத்தால் தானாக முளைக்கும் என்பது அவர் வாதம். "நெருப்பில்லாம புகையாதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். புகையில்லாம முளைக்காதுன்னு அம்மையார் சொல்லித்தான் கேக்குறேன்" என்று கருத்தரங்கில் சொல்ல, அரங்கமே சிரித்தது. அவளும் சிரித்தாள். திரும்பி வந்து இன்னும் நிறையத் தட்டுகளில் விதை பரப்பினாள்.

பாதித் தட்டுகளுக்குப் புகை ஏற்றிய தண்ணீர், மீதிக்கு வெறும் தண்ணீர். வெறும் தண்ணீர் பெற்றவற்றுக்கு ஆய்வுக்கூடத்தில் 'சும்மா தட்டு' என்று பேர். சும்மா தட்டு சும்மா இருந்தால்தான் அவள் வாதம் நிலைக்கும். முளைத்தவற்றை எண்ணி, ஓவனில் காயவைத்து, எடை போட்டுவிடுவார்கள். அந்த வேலையில் இரக்கம் கிரக்கம் எல்லாம் கிடையாது.

கணவர் காட்டுத்தீயை அணைக்கும் குழுவின் தலைவர். "நான் அணைக்கிறேன், இவ பத்த வைக்கிறா. குடும்பம் நல்லா ஓடுது" என்பார். அவளுக்காக ஒரு துண்டு நிலத்தை எரித்துக் கொடுக்கும்போதெல்லாம் அதே பழுப்புக் கம்பளி ஸ்வெட்டரோடுதான் வருவார். அதைத் தண்ணீரில் போட விடமாட்டார், சுருங்கிவிடுமாம். எத்தனையோ காடுகளின் புகை அதில் ஏறியிருந்தது.

அவர் தீயில் போகவில்லை. ஒரு சாதாரணக் காலையில், குளியலறையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அவள் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள், செருப்புகளை ஒழுங்குபடுத்தினாள். "கல்லு மாதிரி நிக்கிறா பாரு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. தனக்குள்ளே தேடிப் பார்த்தாள். சொன்னவர் சொன்னது சரிதான், அங்கே ஒன்றும் இல்லை. அடுத்த வாரமே வேலைக்குப் போனாள். விதை அறை குளிரும் என்பதால் அவருடைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டாள். அதன் கை அவள் விரலைத் தாண்டித் தொங்கியது.

சில வாரங்களில் ஆய்வுக்கூட உதவியாளர் தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"மேடம்... சும்மா தட்டுல முளைச்சிருக்கு."

"எத்தனையில?"

"முக்கால்வாசியில. எல்லாம் சரிவு விதை."

"ம்" என்றாள்.

வேறு சமயமாக இருந்தால் கூடத்தையே தலைகீழாக்கியிருப்பாள். இப்போது, தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. குழாய்த் தண்ணீரைச் சோதித்தாள், விதையைச் சோதித்தாள். குற்றம் கிடைக்கவில்லை. அப்படியானால் தாடிக்காரர் சொன்னதுதான் சரி, ஆயுசு முழுக்கச் சொன்னது தப்பு. வீட்டில் சாப்பிடும்போது தன் மகளிடம் சொன்னாள்.

"நான் சொன்னது தப்புன்னு அறிவிச்சிடலாம்னு இருக்கேன்."

"உனக்கு வருத்தமா இல்லையாம்மா?"

"தெரியல."

மகள் நாற்காலியில் கிடந்த ஸ்வெட்டரை எடுத்து மூக்கில் வைத்தாள். இதை இவள் தினமும் செய்வாள் போலிருக்கிறது, அம்மாவுக்குத்தான் தெரியவில்லை. மகளின் முகம் மாறியது.

"துவைச்சியா? இந்த வலது கையில அப்பா வாசனையே இல்லையே."

தீக்குச்சி கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டு அந்தக் கம்பளிக் கையைப் பார்த்தாள். சும்மா தட்டுகளுக்குத் தண்ணீர் மொள்ளும்போதெல்லாம் பாத்திரத்தில் தோய்ந்த கை. துளியிலும் துளி புகை போதும் அந்த விதைக்கு. ஊருக்கெல்லாம் அதைச் சொன்னவளே அவள்தான்.

"அப்ப நீ சொன்னது சரிதானேம்மா!"

"ஸ்வெட்டர் மேல பழி போடுறேன்னு சிரிப்பாங்க. இதை ஊற வெச்ச தண்ணில முளைக்குதான்னு காட்டணும்."

மகள் ஸ்வெட்டரை மடியில் இறுக்கிக்கொண்டாள். "ஊற வெச்சா போயிடுமே." பிறகு அதன் இடது கையை விரித்து நீட்டினாள்: "இடது கையை மட்டும் நனை. மிச்சத்தை விட்டுடு."

அப்படியே செய்தாள். மறுநாள் ஆய்வுக்கூடத்தில் ஸ்வெட்டரின் இடது கையை மட்டும் வாளித் தண்ணீரில் விட்டு, மீதியை விளிம்பில் போட்டுவிட்டு ஒரு கூட்டத்துக்குப் போனாள். திரும்பி வந்தபோது ஸ்வெட்டர் முழுவதும் வாளிக்குள் கிடந்தது. கம்பளி தண்ணீரைக் குடித்துக் குடித்து, கனம் தாங்காமல் சரிந்திருக்கிறது. வேரிலிருந்து உச்சிக்குத் தண்ணீர் ஏறுவதைப் பாடமாக நடத்துகிறவளுக்கு இது தோன்றவில்லை. தண்ணீர் வெளிர் பழுப்பாக இருந்தது. வாளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். மகளிடம் என்ன சொல்வது என்று மட்டும் நினைத்தாள். பிழிந்து, கொடியில் போட்டாள்.

புது விதைகளை எடுத்து மூன்று வகையாகத் தட்டுகள் வைத்தாள்: வெறும் தண்ணீர், புகைத் தண்ணீர், ஸ்வெட்டர்த் தண்ணீர். இந்த முறை விதை அறையில் ஸ்வெட்டர் இல்லாமல் நடுங்கிக்கொண்டே வேலை செய்தாள். காய்ந்த ஸ்வெட்டரை மகள் ஒருமுறை முகர்ந்துவிட்டு, அலமாரியில் மடித்து வைத்தாள். அது சுருங்கியும் இருந்தது.

வெறும் தண்ணீர்த் தட்டுகள் சும்மா இருந்தன. புகைத் தண்ணீர்த் தட்டுகளைப் போலவே ஸ்வெட்டர்த் தண்ணீர்த் தட்டுகளிலும் வரிசையாகப் பச்சை எழுந்தது.

"ஜெயிச்சிட்டீங்க மேடம்! அந்தத் தாடி இனிமே வாயே திறக்க முடியாது" என்று உதவியாளர் குதித்தார்.

"எண்ணிட்டீங்களா?"

"எண்ணியாச்சு." அவர் வழக்கம்போல ஸ்வெட்டர்த் தண்ணீர்த் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு ஓவன் கதவைத் திறந்தார். "உள்ள வெச்சிடட்டுமா?"

ஆயுசில் எத்தனையோ ஆயிரம் நாற்றுகளுக்குத் தலையாட்டியவள். இப்போதும் தலையாட்டத்தான் நினைத்தாள்.

"வேண்டாம்" என்றாள். "அதை வைக்காதீங்க. அது அவரு..."

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். உதவியாளர் தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து பிடித்துக்கொண்டார். குளியலறை வாசலில் வராத அழுகை அங்கே, திறந்து கிடந்த ஓவன் முன்னால் வந்தது.